கில்ட் போட்டு கார்ல போனா கசங்குதா? எங்க தப்பு, எப்படிச் சரி பண்றது

ஸ்காட்லாந்துல கிளாஸ்கோ பக்கத்துல ஒரு சின்ன பைப் பேண்ட்ல (பேக்பைப்பும் டிரம்மும் வாசிக்கிற குழு) நான் டெனர் டிரம் அடிக்கிறேன், ஏழு சீசன் ஆச்சு. டிரம் அடிச்ச நேரத்தை விட அயர்ன் பாக்ஸ் பிடிச்ச நேரம்தான் அதிகம், ஏன்னா ரெண்டாவது வருஷமே பேண்டோட கில்ட் எல்லாத்தையும், அதான் ஸ்காட்லாந்து ஆம்பளைங்க இடுப்புல சுத்திக் கட்டுற கொசுவம் வச்ச கம்பளி உடுப்பு, என் தலையில கட்டிட்டாங்க. சனிக்கிழமை போட்டிக்குப் போய் கார் பார்க்ல இறங்கினா ஒவ்வொருத்தரா வந்து முதுகைத் திருப்பிக் காட்டி "பின்னாடி எப்படி இருக்கு, பாரு"ன்னு நிப்பாங்க. எப்படி இருக்கும், துவைச்சுப் பிழிஞ்ச பெட்ஷீட் மாதிரி இருக்கும். திரும்பத் திரும்ப அதே கோளாறுதான்.

சேலைக்குக் கொசுவம் முன்னாடி, உக்காந்தா அது பாட்டுக்கு முட்டிக்குக் கீழ தொங்கும். கில்ட்டுக்குக் கொசுவம் பூராவும் பின்னாடி, முன்னாடி ஏப்ரன்னு கொசுவமில்லாத ரெண்டு பாகம், உள் ஏப்ரன் மேல வெளி ஏப்ரன் படிஞ்சிருக்கும். முறையா தைச்ச கில்ட்ல கிட்டத்தட்ட 8 கெஜம் கம்பளித் துணி இருக்கும், அதுல பெரும்பகுதி மேலதான் நாம உக்காருறோம். அதனால இதுல வர்ற தொல்லையில முக்கால்வாசி உக்காருற அந்த ரெண்டு செகண்ட்ல முடிவாயிடுது, அப்புறம் ரெண்டு மணி நேரம் ஆடாம அசையாம உக்காந்திருந்தும் பிரயோஜனம் இல்ல.

கீழ உங்க பிரச்சனை எதுவோ அந்தத் தலைப்புக்கு நேரா போங்க. வலது பக்கம் ஸ்டியரிங் இருக்குற வண்டியை வச்சுத்தான் எழுதியிருக்கேன், வேற நாட்டுல இடது ஸ்டியரிங்ல ஓட்டுறவங்க கதவும் பெல்ட்டும் வர்ற பக்கத்தை மட்டும் மாத்திப் படிச்சுக்குங்க, கில்ட்டோட பக்கமும் க்ளட்ச் காலும் மாறாது.

காரை விட்டு இறங்கினா பின்னாடி கொசுவம் தாறுமாறா கிடக்கு

முதல்ல கோடு எந்தத் திசையில விழுந்திருக்குன்னு யாரையாவது போட்டோ எடுக்கச் சொல்லிப் பாருங்க. கண்ணாடில திரும்பிப் பாக்காதீங்க, திரும்பும்போதே துணி மாறிடும்.

*கோடு சாய்வா விழுந்திருந்தா*: ஒரு காலை உள்ள வச்சு, இடுப்பைத் திருப்பி, சீட்ல சறுக்கி உள்ள போயிருக்கீங்க. பேன்ட் போட்டுப் பழகின எல்லாரும் அப்படித்தான் ஏறுவாங்க. இதுக்குச் செலவே இல்ல, ஏறுற விதத்தை மாத்தினா போதும். எனக்கு இதைச் சொல்லிக் குடுத்தது பேண்ட்காரங்க யாரும் இல்ல, வீட்டுக்காரிதான். கல்யாணமான புதுசுல கும்பகோணத்துல பட்டுச்சேலையோட டிவிஎஸ் பின்னாடி ஒருபக்கமா உக்காந்து முகூர்த்தத்துக்குப் போன ஆளு. நான் ஏறுறதைப் பாத்துட்டு "என்னங்க, டவுன் பஸ்ல ஏறுற மாதிரி ஏறுறீங்க, முதல்ல உக்காருங்க, அப்புறம் காலை உள்ள எடுங்க"ன்னா. அவ்வளவுதான் வித்தை.

விரிவா சொன்னா: கதவை முழுசா திறங்க, சீட்டுக்கு முதுகு காட்டி நில்லுங்க. ரெண்டு உள்ளங்கையையும் விரிச்சு இடுப்புக்குக் கீழ பின்பக்கம் வச்சு, கொசுவத்தை அமுக்கிக்கிட்டே கீழ் ஓரம் வரைக்கும் தடவிக்கிட்டே போங்க, தடவுற கை முட்டிக்குப் பின்னாடி போய்ச் சேரும்போது நீங்க சீட்டோட ஓரத்துல உக்காந்திருக்கணும், கையை அதுக்கு முன்னாடி எடுத்துடாதீங்க. அப்புறம் ரெண்டு முட்டியையும் சேத்து வச்சு ஒண்ணா உள்ள திருப்புங்க. உள்ள போனதும் லேசா எழும்பி, ஒவ்வொரு பக்கமா கையை விட்டு இன்னொரு தடவை தடவி விடுங்க. முதல் பத்து தடவை கோமாளித்தனமா இருக்கும், அக்கம்பக்கத்துல பாப்பாங்க, பாக்கட்டும்.

*கோடு குறுக்கா, படுக்கையா விழுந்திருந்தா*: தடவாம அப்படியே தொப்புன்னு உக்காந்ததுல கொசுவம் உங்களுக்கு அடியில ரெண்டா மடிஞ்சிருக்கு. இதுக்கும் மருந்து மேல சொன்னதுதான்.

தடவித்தான் உக்காந்தேன், அப்பவும் இப்படி இருக்குன்னா சீட்டைப் பாருங்க. சொரசொரப்பான துணி சீட் கம்பளியைப் பிடிச்சு இழுக்கும், நீங்க அசைய அசைய கொசுவம் ஒரு பக்கமா நகரும். பயணியா போறவங்க வழுக்குற துணி ஒண்ணை சீட்ல விரிச்சுக்கலாம், எங்க வண்டியில பின்சீட்டுல ஒரு பழைய பூனம் சேலை நிரந்தரமா கிடக்கு, ஸ்காட்லாந்துக்காரப் பசங்க அதை ஏதோ சாமி துணின்னு நினைச்சு ஒரு வருஷம் மரியாதையா ஓரமா உக்காந்தாங்க. ஆனா ஓட்டுறவங்க இதைப் பண்ணக் கூடாது, பிரேக் பிடிக்கும்போது ஆளே முன்னாடி சறுக்கிடுவாங்க.

சீட்டும் சரி, உக்காருறதும் சரின்னா அடுத்தது இஸ்திரி. கில்ட்டைக் கழட்டி மேஜையில வெளிப்பக்கம் மேல இருக்குற மாதிரி விரிங்க. கொசுவம் தானா ஒண்ணு மேல ஒண்ணு படியுதா, இல்ல நீங்க ஒவ்வொண்ணா படிய வைக்க வேண்டியிருக்கா? தானா படியலைன்னா மடிப்போட முனை செத்துப் போச்சு, அழுத்தி இஸ்திரி போட்டாகணும். கீழ் ஓரத்துல இருந்து மேல தைச்சிருக்குற இடம் வரைக்கும் ஒவ்வொரு மடிப்பையும் நேர் பண்ணி, பெரிய பெரிய ஓட்டுத் தையலா போட்டு நிறுத்திக்குங்க, ரெண்டு வரிசை போதும். மேல ஈரத்துணி போட்டு பெட்டியை வச்சு வச்சு எடுங்க, இழுக்கவே கூடாது. சூடு ஆறுற வரைக்கும் அசைக்காதீங்க, இந்த இடத்துலதான் அவசரக்காரங்க கெடுத்துக்குவாங்க, சூடான கம்பளியைத் தூக்கி ஹேங்கர்ல மாட்டினா மடிப்பு மறுபடியும் வாயைப் பிளந்துடும். ஆறினப்புறம் நூலைப் பிரிச்சுடலாம். முழு கில்ட்டுக்கு எனக்கு ஒன்றரை மணி நேரம் ஆகும், ஒரு கிரிக்கெட் மேட்ச்ல பாதி.

அதுவும் நிக்கலைன்னா துணியோட எடையைப் பாருங்க. 16 அவுன்ஸ் கம்பளி உக்காந்து எந்திரிச்சா பத்து நிமிஷத்துல தானே விழுந்து நேராயிடும், 13 அவுன்ஸ் கொஞ்சம் நேரம் எடுக்கும், 10, 11 அவுன்ஸ்னா மெலிசு, அது கசங்கத்தான் செய்யும். மெலிசு துணியைக் கனமாக்க வழி கிடையாது. அடுத்த தடவை வாங்கும்போது கனமானதா பாத்து வாங்குங்க, வெயில்ல வேகுமேன்னு பயப்படாதீங்க, இது ஸ்காட்லாந்து.

*கில்ட் மேக்கர்கிட்ட எப்பப் போகணும்*: இடுப்பிலிருந்து பின்பக்கத்தோட அகலமான இடம் வரைக்கும் கொசுவத்தை ஒண்ணோட ஒண்ணு தைச்சிருப்பாங்க, அதுக்கு ஃபெல்னு பேரு. பக்கத்துப் பக்கத்து ரெண்டு மடிப்பை லேசா விலக்கிப் பாருங்க. நூல் தெரிஞ்சாலோ, தையல் முடியுற இடத்துல துணி பிஞ்ச மாதிரி இருந்தாலோ அதோட நிறுத்திடுங்க. வீட்டுல ஊசி எடுக்காதீங்க. டார்ட்டன்னு சொல்ற அந்தக் கட்டம் போட்ட துணியோட டிசைன் ஒரு மடிப்புக்கும் அடுத்த மடிப்புக்கும் பொருந்துற மாதிரி கையால தைச்சது, நாம ஒரு தையல் தப்பா போட்டா பின்னாடி டிசைனே உடைஞ்சு தெரியும். ரெண்டு மடிப்பு விட்டிருந்தா சின்னச் செலவு, ஊருல இருக்குற தையல்கடைக்கெல்லாம் குடுக்காம கில்ட் தைக்கிறவங்ககிட்டயே குடுங்க. மொத்தக் கொசுவத்தையும் பிரிச்சு மறுபடியும் வைக்கணும்னு சொன்னா மட்டும் புதுசு என்ன விலைன்னு கேட்டுட்டு முடிவு பண்ணுங்க, ஏன்னா அது கிட்டத்தட்ட புதுசா தைக்கிற வேலை.

உக்காந்தா இடுப்புல பிடிக்குது, எந்திரிச்சா கீழ இறங்கி நிக்குது

நூத்துக்குத் தொண்ணூறு பேரு கில்ட்டை ஜீன்ஸ் மாதிரி இடுப்பெலும்புல கட்டுறாங்க. அது தொப்புள் உயரத்துல கட்டுறதுக்குத் தைச்ச உடுப்பு. கீழ இறக்கிக் கட்டினா ஃபெல்லும் கீழ இறங்கி, உக்காரும்போது விரிய வேண்டிய இடத்துல தையல் வந்து நிக்கும், தையலும் விடும் கொசுவமும் கோணும். சோதனை லேசு: தரையில மண்டி போட்டு நிமிர்ந்து நில்லுங்க. ஓரம் தரையைத் தொட்டும் தொடாம, இல்ல ஒரு இஞ்ச் மேல இருக்கணும். தரையில புரண்டுச்சுன்னா மேல தூக்கிக் கட்டுங்க.

தூக்கிக் கட்டினா பக்கிள் எட்டலையா? அது கில்ட்டோட குத்தம் இல்ல, நான் எனக்கே சொல்லிக்கிட்டதுதான். பக்கிளை ஒண்ணு ரெண்டு இஞ்ச் நகர்த்தித் தைக்கலாம், சின்ன வேலை. அதுக்கு மேல வேணும்னா வெறும் பக்கிளை நகர்த்தாதீங்க, முன்பக்கம் இடதும் வலதும் சமமில்லாம போயிடும், ஆளைக் கேளுங்க.

வேட்டி கட்டிப் பழகினவங்களுக்குன்னு ஒரு கெட்ட பழக்கம் உண்டு, லூசா இருந்தா அப்படியே இழுத்து இடுப்புல சொருகிக்கிறது. இங்க அது நடக்காது. ஸ்ட்ராப்பை இறுக்குங்க, இல்லைன்னா புது ஓட்டை போடுங்க. தோல் வார் வருஷம் ஆக ஆக நீளும்.

முன்னாடி வெளி ஏப்ரனுக்குக் கீழ உள் ஏப்ரன் எட்டிப் பாக்குது

இது ஓட்டுறவங்களுக்கு அதிகமா வரும், ஏன்னா க்ளட்ச் மிதிக்க இடது கால் மேலயும் கீழயும் போய்க்கிட்டே இருக்கும், அது ஒவ்வொரு தடவையும் உள்ள இருக்குற துணியை ஒரு நூல் கீழ இழுத்து விடும். கிளாஸ்கோவுக்குள்ள எம்8 மோட்டார்வேல சாயங்கால டிராஃபிக்ல ஒரு மணி நேரம் ஊர்ந்து போங்க, ஒரு இஞ்ச் இறங்கியிருக்கும்.

பாக்க வேண்டியது இடது பக்கத்து ஸ்ட்ராப். உள் ஏப்ரனோட ஸ்ட்ராப் இடது இடுப்புல ஒரு துளை வழியா வெளிய வந்து மாட்டும். நிறைய பேரு வலது பக்க ரெண்டு பக்கிளை மட்டும் இறுக்கிட்டு இதைக் கண்டுக்காம விட்டுடுவாங்க. கட்டும்போது முதல்ல இதை இறுக்குங்க, உள் ஏப்ரனை அரை இஞ்ச் தூக்கியே மாட்டுங்க. அப்புறம்தான் வலது பக்கம். அப்படியும் இறங்கினா அந்தத் துளை கிழிஞ்சு பெருசாயிருக்கான்னு பாருங்க, கிழிஞ்சிருந்தா அது தையல்காரர் வேலை.

ஏப்ரன் ஓரம் இழுத்துக்கிட்டு நிக்குது, இல்ல ஓட்டை விழுந்திருக்கு

கில்ட் பின்னை, அதான் ஏப்ரனோட கீழ் மூலையில குத்துற அலங்கார ஊக்கை, எங்க குத்தியிருக்கீங்க? வெளி ஏப்ரன்ல மட்டும் குத்தணும். காத்துக்குப் பறக்குதேன்னு ரெண்டு ஏப்ரனையும் சேத்துக் குத்தினா, உக்காரும்போது ரெண்டு துணியும் ரெண்டு பக்கம் போக, பின் நடுவுல நின்னு கிழிக்கும். எங்க பேண்ட்ல விழுந்த ஓட்டை எல்லாமே இப்படி விழுந்ததுதான். பின்னோட கனமே துணியை நிறுத்த போதும்.

ரெண்டாவது, கார் கதவு. ஏப்ரன் திறக்குற ஓரம் வலது பக்கம், டிரைவருக்குக் கதவும் வலது பக்கம். நூல் தொங்குற அந்தக் குஞ்சம் ஓரமும் பின்னும் சேந்து கதவிடுக்குல மாட்டும், பூட்டு கிரீஸும் ஒட்டும், ஓடுற வண்டியில வெளிய அஞ்சு இஞ்ச் டார்ட்டன் மழையில நனைஞ்சுக்கிட்டே வரும். கதவைச் சாத்தறதுக்கு முன்னாடி வலது கையால ஓரத்தைத் தொடைக்கு அடியில சொருகிட்டுச் சாத்துங்க. கிரீஸ் ஒட்டிருச்சுன்னா தேய்க்காம, தண்ணி ஊத்தாம நேரா ட்ரை க்ளீனிங். குடுக்கும்போது கொசுவத்தை ஓட்டுத் தையல் போட்டே குடுங்க, இல்லைன்னா அவங்க அவங்களுக்குத் தெரிஞ்ச பாவாடை மாதிரி அமுக்கித் தந்துடுவாங்க. ஒரு தடவை எனக்கு அப்படி மூணு கில்ட் வந்துச்சு, ரெண்டு ஞாயித்துக்கிழமை போச்சு.

மடியில குறுக்குக் கோடு கோடா விழுது

சீட் பெல்ட்டும், இடுப்புல இருந்து முன்னாடி தொங்குற ஸ்போரன்கிற பையும்தான். ஸ்போரன் மேல பெல்ட் போட்டா, அந்த உலோக விளிம்பு வயித்துல அழுந்தும், துணியிலயும் அச்சு விழும். ஒரு மோதல் நடந்தா அது வயித்துக்குள்ள என்ன பண்ணும்னு யோசிச்சாலே போதும். ஓட்டுறவங்க ஸ்போரனைக் கழட்டி பக்கத்து சீட்ல வச்சுடுங்க. சில பேரு இடுப்போரமா சுத்தி விட்டுக்குவாங்க, நாங்களும் டிரம் அடிக்கும்போது அப்படித்தான் பண்றோம், ஆனா கார்ல இடது பக்கம் பெல்ட் பக்கிள், வலது பக்கம் கதவு, ரெண்டு பக்கமும் இடம் கிடையாது.

கழட்டுறதுல இன்னொரு லாபம் இருக்கு. ஸ்போரன் சங்கிலி முதுகுப்பக்கம் கம்பளியை அறுக்கும், சீட்ல சாஞ்சு உக்காந்தா ரம்பம் மாதிரி. உங்க கில்ட்ல பின்பக்கம் நடுவுல ஒரு கோடா துணி தேஞ்சிருக்கான்னு பாருங்க. இருந்தா சங்கிலியை விட்டுட்டு தோல் வாருக்கு மாறுங்க. துணி நூல் நூலா தெரியுற அளவுக்குப் போயிருந்தா நெசவை இழை சேத்துச் சரி பண்றவங்ககிட்டதான் போகணும், அது செலவு, பொறுமையா தேடிப் புடிங்க.

பெல்ட் போட்டதும் மடிப்பகுதியை ஒரு தடவை முட்டிப் பக்கமா நீவி விட்டுட்டுக் கிளம்புங்க.

உக்காந்தா எதிர்ல இருக்குறவங்க முகம் மாறுது

இதை நேரா கேக்க எல்லாருக்கும் கூச்சம், எல்லாரும் கேக்க நினைக்கிறதும் இதுதான். காரணம் முட்டி விரிஞ்சு உக்காருறது, அவ்வளவுதான். முட்டியைச் சேத்து வைங்க, முன் ஏப்ரனை நடுவுல லேசா அமுக்கி ரெண்டு தொடைக்கும் இடையில விழ விடுங்க, ஸ்போரனை மடி நடுவுல வச்சா அதோட கனம் துணியைப் பிடிச்சுக்கும். குட்டையான சோபா, மேடை நாற்காலி, படகுல எதிரெதிர் பெஞ்ச், இதுலதான் மாட்டிக்குவீங்க. காரிலிருந்து இறங்கும்போதும் அதே கதைதான், ரெண்டு காலையும் ஒண்ணா வெளிய திருப்பி, தரையில ஊன்றி, அப்புறம் எந்திரிங்க. உள்ள என்ன போட்டிருக்கீங்கங்கிற கேள்விக்கு நான் பதில் சொல்ல மாட்டேன். எங்க பேண்டு ஆட்களுக்கு மட்டும் சைக்கிள் ஷார்ட்ஸ் போடச் சொல்லிட்டேன், கம்பளி குத்துறதும் மிச்சம்.

பின்பக்கம் பளபளன்னு ஆயிடுச்சு

ரெண்டு காரணம். ஈரத்துணி இல்லாம நேரா இஸ்திரி போட்டிருப்பீங்க, இல்ல தினம் அதைப் போட்டே வண்டி ஓட்டுறீங்க. உள்பக்கம் திருப்பி நீராவி காட்டி, ஆறினதும் மென்மையான பிரஷ்ஷால துடைச்சு விடுங்க. லேசான பளபளப்பு போகும். தேய்மானம்னா போகாது.

நனைஞ்ச கில்ட்டோட வண்டியில ஏற வேண்டியிருக்கு

ஆகஸ்ட்ல கிளாஸ்கோ க்ரீன்ல உலகப் பைப் பேண்ட் போட்டி நடக்கும், மாச கடைசியில கடலுக்கு அந்தப் பக்கம் டனூன்ல கவல் கேதரிங்குங்கிற ஹைலேண்ட் விளையாட்டு விழா. வருஷத்துக்கு ஒண்ணாவது ஊத்து ஊத்துன்னு ஊத்தும். ஈரக் கம்பளி மேல உக்காந்து, டனூன்ல இருந்து கூரோக் திரும்புற படகுக்காக ஒரு மணி நேரம் வண்டி வரிசையில காத்திருந்தா, அந்த மடிப்பு இஸ்திரி போட்ட மாதிரி பதிஞ்சிடும். சூடும் ஈரமும் அழுத்தமும் சேந்தா அதுதானே இஸ்திரி, சீட் ஹீட்டர் போட்டீங்கன்னா சுத்தம். கழட்டிடுங்க, வண்டியில எப்பவும் ஒரு டிராக் பேன்ட் இருக்கட்டும். கழட்டின கில்ட்டை க்ளிப் ஹேங்கர்ல இடுப்புப் பட்டையைப் பிடிச்சுத் தொங்க விடுங்க, ரேடியேட்டர் மேல போடாதீங்க. ராத்திரி பூரா தொங்கட்டும், காலையில ஈரம் காயுறதுக்குள்ள ஒவ்வொரு மடிப்பையும் கீழ இழுத்து விட்டா இஸ்திரியே தேவைப்படாம கூட போகலாம். நல்லா காயறதுக்கு முன்னாடி பீரோவுல வச்சுப் பூட்டிடாதீங்க, நாத்தம் போகவே போகாது. காஞ்சப்புறம் கூட சும்மா அடைச்சு வச்சா அந்துப்பூச்சி பாத்துக்கும்.

கழட்ட வழியே இல்லைன்னா, ஓட்டுற ஆளா இல்லாத பட்சத்துல, பெரிய டவல் போட்டு அது மேல உக்காருங்க.

கால்ல ஏதோ மாட்டுது, பெடல் வழுக்குது

இது அழகுப் பிரச்சனை இல்ல, அதனால இதுக்கு மட்டும் விளையாட்டு கிடையாது. கில்லி ப்ரோக்ஸ் ஷூவுக்கு நாடா கணுக்காலைச் சுத்தி வரும், நுனியில குஞ்சம் தொங்கும், அது பெடல்ல மாட்டும். தோல் அடி நனைஞ்சா பெடல்ல வழுக்கும். பிரிட்டன்ல ஹைவே கோட்னு இருக்குற சாலை விதிப் புத்தகத்தோட 97-வது விதியே உடுப்பும் செருப்பும் வண்டியைக் கட்டுப்படுத்தறதுக்குத் தடையா இருக்கக் கூடாதுன்னு சொல்லுது. வேற ஷூ போட்டு ஓட்டுங்க, போய் இறங்கி மாத்திக்குங்க.

சாக்ஸ்ல சொருகுற ஸ்கியன் டூ கத்தியையும் எடுத்துடுங்க, பிரேக்குக்குக் கால் மாத்தும்போது கெண்டைக்கால்ல குத்தும். ஸ்காட்லாந்துல பொது இடத்துல கத்தி வச்சிருக்கக் கூடாதுன்னு 1995 சட்டம் இருக்கு, தேசிய உடையோட பாகமா வச்சிருந்தா அதுல விதிவிலக்கும் இருக்கு. ஆனா கில்ட்டைக் கழட்டிட்டு டிராக் பேன்ட்ல போகும்போது கத்தியை மட்டும் டேஷ்போர்டுல தூக்கிப் போட்டு வச்சா அந்தப் பேச்சு எடுபடுமா? உடுப்போட சேத்து டிக்கியில வைங்க.

எல்லாம் சரியா பண்றேன், தூரம் அதிகம், அப்பவும் கசங்குது

ஒரு மணி நேரத்துக்கு மேல போற பயணம்னா போட்டுக்கிட்டுப் போகாதீங்க. கிளாஸ்கோல இருந்து இன்வர்னஸ் மூணு மணி நேரத்துக்கு மேல, ஏ9 ரோட்டுல லாரி பின்னாடி மாட்டினா இன்னும் கூட ஆகும், எந்தக் கம்பளியும் அதைத் தாங்காது. என் பேண்ட்ல ஒருத்தர் கொசுவத்தை மொத்தமா பின்னாடி தூக்கி சீட் முதுகுல விரிச்சுட்டு உக்காந்து பாத்தாரு, இறங்கும்போது தோகை விரிச்ச மயில் மாதிரி நின்னாரு, அதோட அந்த ஐடியா முடிஞ்சுது.

கொண்டு போறதுக்கு ஹேங்கர் நல்லதுதான், ஆனா நாலு பேரு போற கார்ல நாலு ஹேங்கர் தொங்கினா டிரைவருக்குப் பின்கண்ணாடி தெரியாது. சுருட்டிக் கொண்டு போங்க. தரையில விரிச்சு, கொசுவத்தை நேர் பண்ணி, ஒரு பக்க ஓரத்துல இருந்து இன்னொரு பக்க ஓரத்துக்கு இறுக்கமா பாய் சுருட்டுற மாதிரி சுருட்டணும், மேலிருந்து கீழ சுருட்டக் கூடாது. பிரியாம இருக்க பொம்பளைங்க போடுற நைலான் ஸ்டாக்கிங்ல ஒரு கால் பக்கத்தை வெட்டி, ரெண்டு பக்கமும் திறந்த குழாய் மாதிரி வச்சுக்கிட்டு, கில்ட்டை உள்ள இழுத்து விடுங்க. இழுக்கும்போது இடுப்புப் பட்டை முன்னாடி போகணும், கீழ் ஓரம் முன்னாடி போனா ஒவ்வொரு மடிப்பும் நைலான்ல சிக்கி மடங்கும். நான் முதல் தடவை இருபத்தி ரெண்டு கில்ட்டையும் தலைகீழா சொருகிட்டு, போட்டி நடக்குற இடத்துக்குப் போய் கார் பார்க்ல உக்காந்து ஒவ்வொண்ணா பிரிச்சேன்.